27 ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த கார்!

துருப்பிடித்த அமெரிக்கக் கார்கள் மறுபிறவி எடுக்கும் கதை

அமெரிக்காவில் சிகாகோ ஒரு பெரிய நகரம். அங்கே ஓர் இளம்பெண். வயது 22. கல்லூரிப் படிப்பு முடிந்தது. பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது. வேலைக்குப் போய்வர ஒரு கார் வேண்டும். தகப்பனாரிடம் கடன் வாங்கிக்கொண்டு கார் கடைக்குப் போனார்.

கூரையை மடக்கிவிட்டுக் காற்றோட்டமாகப் போகும் கார்தான் வேண்டும் என்பது அவர் ஆசை. கடையின் முன்கூடத்தில் அப்படி ஒரு கார்கூட இல்லை. விற்பனையாளர் அவரைப் பின்பக்கம் அழைத்துப்போனார். அங்கே துணி போர்த்தி ஒரு கார் நின்றது. துணியை விலக்கினார். வானத்து நீலம்! பளபளவென்று ஒரு திறந்த கார்!

அன்று 1964-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி. அந்தக் காரை உலகத்துக்குக் காட்ட வேண்டிய நாள் ஏப்ரல் 17. இன்னும் இரண்டு நாள் பாக்கி. ஆனாலும் வியாபாரம் முடிந்துவிட்டது. ஓட்டிப் பார்க்காமலே அந்தப் பெண் வாங்கிவிட்டார். விலை 3,447 டாலர் 50 சென்ட். தெருவில் போனபோது கண்டவர்கள் எல்லாம் கை அசைத்தார்கள்.

அந்தக் காரின் பெயர் "மஸ்டாங்." அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கட்டுக்கு அடங்காமல் திரியும் காட்டுக் குதிரைக்கு அந்தப் பெயர். காரின் முகப்பிலும் பாய்ந்தோடும் குதிரை பொறித்திருக்கும்.

பிறகு கலியாணம் ஆயிற்று. குழந்தைகள் பிறந்தன. 15 ஆண்டு உழைத்த கார் தளர்ந்துவிட்டது. 1979-ம் ஆண்டு கணவர் அதைக் கொட்டகையில் தள்ளிவைத்தார். சீக்கிரம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். நாட்கள் ஓடின. ஆண்டுகள் ஓடின. மொத்தம் 27 ஆண்டுகள்! காரைத் துரு தின்றது. தூக்கிப் போட்டுவிடலாமே என்று மனைவி சொன்னதும் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நானே சரிசெய்கிறேன் என்பார் கணவர்.

சொன்னதைச் செய்தார். ஓய்வு பெற்றபின் வேலையைத் தொடங்கினார். செலவு ஏறக்குறைய 35,000 டாலர். வாங்கிய விலையைப்போல் பத்து மடங்கு!

ரசீது சொன்ன ரகசியம்

அந்தச் சமயத்தில் ஓர் அதிசயம் நடந்தது. வேறொருவர், அமெரிக்காவில் முதன்முதலாக மஸ்டாங் வாங்கியவன் நானே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாங்கிய தேதி ஏப்ரல் 16.

இந்தக் குடும்பம் பழைய காகிதங்களைப் புரட்டியது. கார் வாங்கிய ரசீது பத்திரமாக இருந்தது. தேதி ஏப்ரல் 15! காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய கார், சரித்திரக் கார் ஆகிவிட்டது.

ரசீது, பத்திரம் எதுவானாலும் தூக்கி எறியாதீர்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சும்மாவா சொன்னார்கள்?

முதல் நாளில் 22,000 பேர்

மஸ்டாங் காரைச் செய்தது போர்டு கம்பெனி. நியூயார்க் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் 1964 ஏப்ரல் 17-ல் அதை அறிமுகம் செய்தார்கள். கூரை நிலையாக உள்ள சாதாரண மஸ்டாங்கின் விலை 2,368 டாலர். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலை. முதல் நாளிலேயே சுமார் 22,000 பேர் கேட்டார்கள். முதல் ஓராண்டில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது.

1965-ம் ஆண்டு மாடலில் கூரை மடக்கும் கார்கள் மட்டும் 1 லட்சத்துக்கும் அதிகம் செய்தார்கள். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காரைப் புதுப்பிக்க முடியுமா, முடியாதா என்பதை இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. எப்படி?

ஒரு லட்சம் கார் ஓடினால், அதற்குப் பாகம் வேண்டும் என்று கேட்கிறவர்களும் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆகவே பாகம் செய்து விற்க ஆள் முன்வருவான். 1954-ம் ஆண்டு "கைசர் டாரின்" என்று ஒரு திறந்த கார் வந்தது. அதன் கதவுகள் முன்புறமாக நழுவி உள்ளே போகும். விந்தையான கார்! ஆனால் செய்தது மொத்தம் 435 தான். அதில் ஒரு பாகம் உடைந்தால் கடையில் போய்க் கேட்க முடியாது. பழைய பாகம் எவரிடமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும்.

அதனால்தான் அனுபவசாலிகள் சொல்கிறார்கள்: முதன்முதலாகப் பழைய காரில் கை வைப்பவர், அதிகமாக விற்ற காரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காருக்கும் ஜாதகம் உண்டு

பழைய காரை வாங்கியதும் ஸ்பானரை எடுக்கக் கூடாது. முதலில் பென்சிலும் காகிதமும் எடுக்க வேண்டும். காரில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த எண்ணே காரின் ஜாதகம். மஸ்டாங் காரில் என்ஜின் பக்கத்திலுள்ள தகட்டில் அது வெட்டப்பட்டிருக்கும். ஓர் உதாரணம் பார்க்கலாம். மஸ்டாங் வரிசையில் முதல் காரின் எண் இது: 5 எஃப் 08 எஃப் 100001.

"5" என்றால் 1965-ம் ஆண்டு மாடல். (1964-ல் செய்த கார்களுக்கும் 5 என்றே போட்டார்கள்.) முதல் "எஃப்" என்றால் மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் தொழிற்சாலையில் பிறந்தது. "08" என்றால் கூரை மடக்கும் கார். இரண்டாவது "எஃப்" என்ன என்ஜின் என்று சொல்கிறது. கடைசி ஆறு இலக்கம் வரிசை எண்.

இந்த முதல் காரின் கதையும் வேடிக்கையானது. கடையில் காட்சிக்கு வைக்க அனுப்பிய கார் அது. கனடாவில் நியூபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு விமானி அதைப் பார்த்தார். பிடித்துவிட்டது. வாங்கிக்கொண்டு போய்விட்டார்! 1966-ல் அவருக்குப் புதிய மஸ்டாங் ஒன்றைக் கொடுத்துப் பழையதைக் கம்பெனி திரும்பப் பெற்றது. இப்போது அது டியர்பார்ன் நகரில் ஹென்றி போர்டு அருங்காட்சியகத்தின் சொத்து.

கதவு ஓரத்தில் இன்னொரு சிறு தகடு இருக்கும். அதில் நிறம், உள் அலங்காரம், கியர் பெட்டி எல்லாம் குறியீடுகளாக இருக்கும். காருக்கு இன்று சிவப்புச் சாயம் பூசியிருக்கலாம். தகட்டில் "எம்" என்று இருந்தால், பிறந்தபோது அது வெள்ளைக் கார்! சாயம் பொய் சொல்லும். தகடு உண்மையைச் சொல்லும்.

உதிரிப் பாகத்துக்கும் எண்

போர்டு கம்பெனியின் பாகங்களிலும் எண் உண்டு. "சி 5 இசட் இசட்" என்று ஒரு பாகத்தில் ஆரம்பித்தால் என்ன பொருள்? "சி" என்றால் 1960 முதல் 1969 வரை உள்ள பத்து ஆண்டு. "5" என்றால் அதில் 5-ல் முடியும் ஆண்டு, அதாவது 1965. அடுத்த "இசட்" என்றால் மஸ்டாங். "பி" என்று தொடங்கினால் 1950-களின் பாகம். "டி" என்றால் 1970-களின் பாகம்.

பழைய சாமான் சந்தையில் அழுக்குப் படிந்த ஆயிரம் சாமான்கள் குவிந்து கிடக்கும். விற்பவன் எல்லாம் மஸ்டாங் சாமான் என்றுதான் சொல்வான். எண்ணைப் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்ற முடியாது. நாலு எழுத்துத் தெரிந்தால் நாலு காசு மிச்சம்!

துரு என்ற பகைவன்

பழைய காருக்குப் பெரிய பகைவன் என்ஜின் கோளாறு அல்ல. துருதான். அமெரிக்காவின் வட பகுதிகளில் குளிர்காலத்தில் சாலை எல்லாம் பனி மூடும். பனியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்பும் ஈரமும் காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும்.

மஸ்டாங் காரில் ஒரு மறைவான இடம் உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே காற்றுப் போக ஒரு தொட்டி. அதில் சருகு விழும். மழைத் தண்ணீர் தேங்கும். உள்ளுக்குள்ளேயே ஓட்டை விழும். மழை பெய்தால் ஓட்டுபவர் காலில் தண்ணீர் சொட்டும். கண்ணாடி ஒழுகுகிறது என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றுவார்கள். ஒழுகல் நிற்காது!

ஆகவே பழைய கார் வாங்குபவர் ஒரு குடம் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே நனைந்தால் விலையைக் குறைத்துப் பேச வேண்டும். அந்தத் தொட்டியைச் சரிசெய்வது பெரிய வேலை.

கூரை இல்லாததால் வந்த வினை

மற்றக் கார்களுக்கு இல்லாத ஒரு தொல்லை திறந்த காருக்கு உண்டு. மூடியிட்ட அட்டைப் பெட்டியைத் திருகிப் பாருங்கள். எளிதில் வளையாது. மூடியை எடுத்துவிட்டுத் திருகுங்கள். உடனே வளையும். காரும் அப்படித்தான்.

கூரை போனால் பலம் போகும். அந்தப் பலத்தை ஈடுகட்டக் கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற விட்டங்களைக் கெட்டியாகச் செய்தார்கள். தளத்துக்குக் கீழும் கூடுதல் தகடு வைத்தார்கள். துருப் பிடிப்பதோ சரியாக அந்த இடத்தில்தான்!

அனுபவம் இல்லாதவர் என்ன செய்வார்? கெட்டுப்போன தளத்தை முழுவதும் வெட்டி எடுத்துவிடுவார். காரின் நடுப்பகுதி மெல்லத் தொய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. புதிய தளத்தைப் பற்றவைத்து முடித்துவிட்டுக் கதவைச் சாத்துவார். சாத்த முடியாது! வைத்த தளத்தை மறுபடியும் வெட்ட வேண்டியதுதான்.

இதற்கு வழி உண்டு. வெட்டுவதற்கு முன் கதவு இருக்கும் இடத்தில் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்துக் காரை இறுக்கிக்கொள்ள வேண்டும். இடிந்த சுவரைக் கட்டுவதற்கு முன் கூரைக்கு முட்டுக் கொடுப்பதில்லையா? அதே யுக்திதான். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறு பக்கத்தைத் தொட வேண்டும்.

பாகம் எங்கே கிடைக்கும்?

பாகங்களில் மூன்று ஜாதி உண்டு.

ஒன்று, பழைய காரிலிருந்து கழற்றியது. விலை குறைவு. தேய்மானம் இருக்கும்.

இரண்டாவது, அந்தக் காலத்தில் கம்பெனி செய்து, விற்காமல் பெட்டியிலேயே தங்கிவிட்டது. இது கிடைத்தால் அதிர்ஷ்டம். விலையும் அதிகம்.

மூன்றாவது, பழையதைப் பார்த்து இப்போது புதிதாகச் செய்வது. எளிதில் கிடைக்கும். ஆனால் சில பாகம் நன்றாகப் பொருந்தும். சில பாகத்தை அராவித் தட்டித்தான் பொருத்த வேண்டும்.

இவற்றைத் தேடுவோருக்காகவே 1954-ல் "ஹெம்மிங்ஸ் மோட்டார் நியூஸ்" என்ற பத்திரிகை தொடங்கியது. கார் வேண்டும், பாகம் வேண்டும், பாகம் விற்கிறேன் என்று பக்கம் பக்கமாக விளம்பரம் வரும். பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்று ஓர் ஊர் இருக்கிறது. சாக்லெட்டுக்குப் பேர்போன ஊர். 1955-ல் அங்கே பழைய கார் பிரியர்களின் கூட்டம் தொடங்கியது. அக்டோபர் மாதம் அங்கே கூடும் சந்தை நமது மாட்டுச் சந்தையைப்போல் ஜேஜே என்று இருக்கும். ஆயிரக்கணக்கான கடைகள். ஒருவர் விளக்குக் கண்ணாடி தேடுவார். ஒருவர் கதவுக் கைப்பிடி தேடுவார்.

மஸ்டாங் பிரியர்களுக்கு 2011-ல் ஒரு பெரிய செய்தி வந்தது. கூரை மடக்கும் பழைய மஸ்டாங்கின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கப் போர்டு கம்பெனி அனுமதி கொடுத்தது. அப்போது அதன் விலை சுமார் 15,000 டாலர். என்ஜின், சக்கரம், இருக்கை எல்லாம் நாமே பூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் ஒரு வம்பு. புது உடலைப் பழைய கார் என்று சொல்லி விற்கலாமா? கூடாது. காரின் எண்ணை அழிப்பதும் திருத்துவதும் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். புதிது என்றால் புதிது என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரே பேர், இரண்டு கார்

இன்னொரு பொறி. 1964 ஆகஸ்டுக்கு முன் செய்த மஸ்டாங்கில் மின்சாரம் தருவது டைனமோ. பிறகு வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். அதற்கேற்ப ஒயர்களும் வேறு. ஹாரன் இருக்கும் இடமும் வேறு. இரண்டையும் 1965 மாடல் என்றே பதிவு செய்தார்கள். 1965-க்கு ஒயர் கட்டு வேண்டும் என்று மட்டும் எழுதினால் தவறான கட்டு வந்து சேரலாம். கார் எந்த மாதம் பிறந்தது என்பதையும் எழுத வேண்டும்.

உயிர் முக்கியம்

பழையதை அப்படியே வைக்க வேண்டும் என்பது நல்ல ஆசை. ஆனால் பிரேக் விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம்.

1965, 1966 மஸ்டாங்கில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் எண்ணெய் அறை. ஒரு குழாய் ஓட்டையானால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்! 1967 முதல் இரண்டு அறை வைத்தார்கள். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். அதனால் பலர் பழைய காரிலும் இரண்டு அறை உள்ளதை மாட்டிவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்குத் தெரியும்.

பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசியை வாயால் ஊதினாலும், பம்பால் அடித்தாலும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

பெட்ரோலிலும் மாற்றம். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது என்ஜின் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. காற்றை நஞ்சாக்குகிறது என்பதால் 1996 முதல் சாலையில் ஓடும் கார்களுக்கு ஈயப் பெட்ரோலை அமெரிக்கா தடை செய்துவிட்டது. ஆகவே என்ஜினைப் பிரிக்கும்போதே அந்த இடத்தில் கடினமான இரும்பு வளையம் பதித்துக்கொள்வது நல்லது.

கூரையும் முலாமும்

கூரையைக் கையால் மடக்கும் கார் உண்டு. பொத்தானை அழுத்தினால் மடங்கும் காரும் உண்டு. பின் இருக்கைக்குப் பின்னால் சின்ன மோட்டார் ஒன்று எண்ணெயை அழுத்தும். இரண்டு பக்கமும் உள்ள தண்டுகள் கூரையைத் தூக்கும். புதுத் துணி போடுவதற்கு முன் கம்பிச் சட்டத்தை நேராக்க வேண்டும். சட்டம் கோணல் என்றால் துணி கிழியும். நனைந்த கூரையை மடக்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பம்பரின் பளபளப்பு மூன்று பூச்சில் வருகிறது. முதலில் செம்பு. அதன்மேல் நிக்கல். கடைசியில் குரோமியம். பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப்போல் ஒரே பூச்சில் முடியாது. அதனால்தான் செலவு எகிறுகிறது.

பாகமே வராத ஊர்

அமெரிக்காவில் பணம் இருந்தால் பாகம் கிடைக்கும். பக்கத்தில் ஒரு தீவு. அங்கே பணம் இருந்தாலும் கிடைக்காது. அதுதான் கியூபா.

1959-ல் அங்கே புரட்சி நடந்தது. அமெரிக்காவுடன் பகை மூண்டது. 1960 அக்டோபரில் உணவும் மருந்தும் தவிர மற்றச் சரக்குகளை அனுப்பக் கூடாது என்று அமெரிக்கா உத்தரவு போட்டது. 1962-ல் வர்த்தகத் தடை முழுமையானது. அதற்குள் வந்து சேர்ந்திருந்த செவர்லே, பியூக், போர்டு, காடிலாக் கார்கள் அங்கேயே தங்கிவிட்டன. பாகம் மட்டும் நின்றுவிட்டது.

கியூபாக்காரர்கள் கை கட்டிக்கொண்டு உட்காரவில்லை. உடைந்த பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்து செய்தார்கள். ரஷ்யக் காரின் பாகத்தை வெட்டிப் பொருத்தினார்கள். செவர்லே உடலுக்குள் டீசல் என்ஜினைப் பூட்டினார்கள். அந்தக் கார்களுக்கு அங்கே "அல்மென்த்ரோன்" என்று செல்லப் பெயர். பெரிய பாதாம் பருப்பு என்று அர்த்தம். உருண்டு திரண்ட வடிவத்தால் வந்த பெயர்.

2011 வரை கியூபாவில் புரட்சிக்கு முந்தைய கார்களைத்தான் தாராளமாக வாங்க, விற்க முடிந்தது. ஆகவே ஓட்டைக் காரும் குடும்பச் சொத்து ஆயிற்று. தாத்தா ஓட்டிய காரைப் பேரன் டாக்சியாக ஓட்டினான். ஹவானா நகரில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்லும் திறந்த கார்களில் சில, பிறவியில் மூடிய கார்கள். ஆசைப்படுகிறவர்களுக்காகக் கூரையை அறுத்து எடுத்துவிட்டார்கள்!

அமெரிக்காவின் கண்காட்சி நடுவர் இந்தக் கார்களைப் பார்த்தால் மதிப்பெண் தரமாட்டார். எதுவும் அசல் இல்லை என்பார். ஆனால் அவை ஓடுகின்றன. ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன.

கட்டுபடி ஆகுமா?

பழைய காரைப் புதுப்பித்து லாபம் சம்பாதிக்கலாம் என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். செலவு விலையை மிஞ்சிவிடும். பாதியில் நின்றுபோன கார்கள் எத்தனையோ! உடல் ஓரிடத்தில், என்ஜின் ஓரிடத்தில், பெட்டி பெட்டியாகத் திருகாணிகள். எது எங்கே போகும் என்று கழற்றியவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட கார்கள் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன.

அந்த நிலை வராமல் இருக்க மூன்று பழக்கம் போதும். கழற்றுவதற்கு முன் படம் பிடியுங்கள். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். புதுப் பாகம் வந்து பொருந்தும்வரை பழைய பாகத்தை வீசாதீர்கள், அதுதான் அளவு.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பொறுமை வேண்டும். அது இருந்தால், துருப் பிடித்த குதிரையும் ஒருநாள் எழுந்து ஓடும்!